ஃப்ளாஷரா, கேமராவா: முதலில் எதை வாங்குவது?

உறைந்த ஏரியின் மேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவருக்குக் கிடைக்கும் நீர் மிகக் குறைவு. படகில் போகிறவர் தூண்டிலை வீசி இழுத்து ஒரு மணி நேரத்தில் பெரும் பரப்பைத் துழாவிவிடுவார். பனிக்கட்டியைத் துளைத்தவருக்கோ 15 முதல் 25 சென்டிமீட்டர் அகலத் துளை ஒன்றுதான். அதன் நேர் கீழே நிற்கும் நீர் மட்டுமே அவர் கைக்குள் இருப்பது. மீன் அங்கே வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கீழே என்ன நடக்கிறது என்று தெரியாமல் காத்திருப்பவர், மீனே இல்லாத துளைமேல் அரை நாளைக் கழித்துவிட முடியும். அதைத் தெரிந்துகொள்ள இன்று இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒலியை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் ஃப்ளாஷர் ஒன்று. கேபிளில் தொங்கவிட்டுத் திரையில் படம் பார்க்கும் நீரடிக் கேமரா மற்றொன்று. நல்ல தரத்தில் வாங்கினால் இரண்டுமே சில நூறு டாலர் பிடிக்கும். ஒரே குளிர்காலத்தில் இரண்டையும் வாங்க முடியாதவருக்காக எழுதப்படுவது இந்த அத்தியாயம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானோர் முதலில் வாங்க வேண்டியது ஃப்ளாஷர். கேமரா அதற்கு அடுத்தது. ஒரே ஒரு நிலைமையில் இந்த வரிசை மாறும். அதைப் பின்னால் பார்க்கலாம்.

ஃப்ளாஷரின் அடிப்படை புதிதல்ல. நம் கடற்கரை விசைப்படகுகளில் இருக்கும் எக்கோ சவுண்டரின் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. அமெரிக்காவில் லோரன்ஸ் குடும்பத்தினர் 1950களின் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த பச்சைப் பெட்டி இந்த வகைக் கருவிகளுக்கு முன்னோடி. பின்னர் மினசோட்டாவில் வெக்ஸிலார், மார்கம் போன்ற நிறுவனங்கள் இதைப் பனிக்கட்டி மேல் சுமந்து செல்லும் வடிவத்துக்குக் கொண்டுவந்தன. துளைக்குள் தொங்கும் டிரான்ஸ்டியூசர் ஒரு ஒலித்துடிப்பைக் கீழே அனுப்புகிறது. உறைநிலையை ஒட்டிய நன்னீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,400 மீட்டர் போகும். அதனால் 10 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப அதற்கு ஒரு நொடியில் எழுபதில் ஒரு பங்கு போதும். திரும்பிவரும் எதிரொலி வட்டமான முகப்பில் ஒளிக்கோடாக விழுகிறது. நீர்மட்டம் ஓரிடத்தில், தரை ஓரிடத்தில், நடுவே உங்கள் ஜிக், அதாவது மேலும் கீழும் ஆட்டி மீனை ஈர்க்கும் தூண்டில்முனை, ஒரு மெல்லிய கோடாக. தூண்டில் கோலைச் சற்றே தூக்கினால் அந்தக் கோடும் அதே கணத்தில் ஏறுகிறது. மூன்று நிறக் கருவியில் மெலிந்த எதிரொலி பச்சை, நடுத்தரம் ஆரஞ்சு அல்லது மஞ்சள், வலுவானது சிவப்பு. ஒலிக்கூம்பின் ஓரத்தில் நுழையும் மீன் பச்சைக் கீற்றாகத் தோன்றி, ஜிக்கை நோக்கி நடுவுக்கு வர வரச் சிவந்து தடிக்கும். மீனின் உடலில் ஒலியை அதிகம் திருப்பி அனுப்புவது அதன் காற்றுப்பை. சிறிய பெர்ச் மீன்கூட நல்ல கோடாகத் தெரிவது அதனால்தான்.

இந்தக் கோடுகளை வைத்து என்ன செய்யலாம் என்பதில்தான் என் வாதத்தின் வலு இருக்கிறது. குளிர்காலத்தில் ஏரியின் அடிநீர் 4 டிகிரி செல்சியஸை ஒட்டியும், பனிக்கட்டியைத் தொடும் நீர் 0 டிகிரியை ஒட்டியும் இருக்கும். அந்தக் குளிரில் மீனின் செரிமானமும் சுறுசுறுப்பும் குறைந்திருப்பதால், வந்து பார்த்துவிட்டுப் போகும் மீன்கள் ஏராளம். இரையை எடுக்குமா எடுக்காதா என்பது பெரும்பாலும் அந்தச் சில நொடிகளில் நீங்கள் ஜிக்கை எப்படி ஆட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தரையை ஒட்டி ஒரு பச்சைக் கீற்று எழுந்தால் ஆட்டத்தைக் குறைக்கலாம். மீன் ஜிக்கின் மட்டத்துக்கு ஏறி அங்கேயே நின்றால் ஜிக்கை ஒரு சாண் மெல்ல உயர்த்தலாம். அது பின்தொடர்ந்தால் அதற்கு விருப்பம் இருக்கிறது. இறங்கிப் போனால் ஆட்டமோ ஜிக்கின் அளவோ பிடிக்கவில்லை. இப்படி ஒவ்வொரு மீனும் ஒரு பதில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்தப் பதிலைக் கேட்காதவர் நாள் முழுவதும் ஒரே தவறைச் செய்துகொண்டிருப்பார். இந்த உரையாடலுக்குத் தேவையானவை மூன்று: மீன் இருக்கிறதா, எந்த ஆழத்தில், என் இரைக்கு என்ன செய்கிறது. மூன்றையும் ஃப்ளாஷர் ஒரே பார்வையில் தருகிறது. அதுவும் நீர்மட்டத்திலிருந்து தரைவரை முழு ஆழத்துக்கும்.

முழு ஆழத்தையும் ஒருசேரப் பார்க்கும் இந்த வேலைதான் கேமராவால் செய்ய முடியாதது. மினசோட்டாவில் 1990களின் பிற்பகுதியில் அக்வா வியூ கேமராக்கள் வந்தபோது மீன்பிடிப்போர் அடைந்த உற்சாகம் நியாயமானது. அதுவரை ஊகித்ததைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஆனால் கேமராவை ஏதோ ஓர் ஆழத்தில் நிறுத்தி, ஏதோ ஒரு திசையில் திருப்பி வைத்தாக வேண்டும். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஜிக்கைப் பார்த்தபடி அது நிற்கும்போது, ஐந்து மீட்டர் மேலே லேக் ட்ரவுட் மீன் ஒன்று கடந்துபோனால் உங்களுக்குத் தெரியாது. டொராண்டோவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இருப்பதால் அங்குள்ள தமிழர் பலருக்கும் எட்டுகிற சிம்கோ ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவில் ஆழம் 40 மீட்டர்வரை போகிறது. அங்கே லேக் ட்ரவுட் தரையில் ஒட்டிக் கிடப்பதில்லை. சிறு மீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு எந்த மட்டத்திலும் வரும். ஃப்ளாஷரில் நடுநீரில் ஒரு கோடு மின்னியதும் நரம்பைச் சுற்றி ஜிக்கை அதற்கு மேலே கொண்டுபோனால், துரத்திவந்து அடிக்கும். கேமராவை நம்பி இருந்தவர், அப்படி ஒரு மீன் வந்துபோனதையே அறியமாட்டார்.

அடுத்தது வெளிச்சமும் நீரின் தெளிவும். தெளிந்த பனிக்கட்டி ஒளியை நன்றாகவே உள்ளே விடும்; ஆனால் அதன் மேல் தடித்த பனி விழுந்துவிட்டால் கீழே பட்டப்பகலிலும் அந்திதான். வால்ஐ மீனை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் கூடுகிறது. அதன் கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உள்ளதால் மங்கிய வெளிச்சத்தில் இரை மீனைவிட அதற்குப் பார்வை அதிகம். ஆகவே அது வேட்டைக்கு வரும் முக்கியமான பொழுது விடியலும் அந்தியும். உங்கள் கேமரா ஓய்ந்துபோகிற அதே பொழுது. கேமராவில் அகச்சிவப்பு விளக்கு உண்டே என்று கேட்கலாம். அகச்சிவப்பு ஒளியை நீர் வெகு வேகமாக உறிஞ்சிவிடும். ஒரு மீட்டரைத் தாண்டுவதற்குள் அதன் பெரும்பகுதி மடிந்துபோகும். வெள்ளை எல்இடி விளக்கு இன்னும் கொஞ்சம் எட்டும்தான். ஆனால் நீரில் துகள்கள் மிதந்தால், மூடுபனியில் காரின் முகப்பு விளக்கைப் போட்டதுபோல எதிரே வெண்புகையாகத் தெரியும். ஒலிக்கு இருட்டும் ஒன்றுதான், கலங்கலும் ஒன்றுதான்.

எந்த ஏரி என்பதைப் பொறுத்து இது எவ்வளவு மாறும் என்று தெரிந்துகொள்வது நல்லது. மனிடோபாவின் வின்னிபெக் ஏரியில், தென்பகுதி நீர் ரெட் ஆறு கொண்டுவரும் களிமண்ணால் கலங்கியே இருக்கும். அங்கே வால்ஐ பிடிக்கப் போகிறவர் கேமரா எடுத்துப்போவது வீண் சுமை. மினசோட்டாவுக்கும் கனடாவுக்கும் இடையே கிடக்கும் லேக் ஆஃப் தி வுட்ஸின் பெரிய தென்விரிகுடாவில் நீர் பழுப்பேறியது. கேமரா கொஞ்சம் காட்டும், நம்பியிருக்க முடியாது. மறுபக்கம், சீப்ரா சிப்பிகள் பரவிய ஏரிகளில் அவை நீரை வடிகட்டித் தெளியவைத்துவிட்டன. சிம்கோவில் அவை 1990களில் பரவின. மினசோட்டாவின் மில் லாக்ஸில் 2005இல் கண்டறியப்பட்டன. இத்தகைய ஏரிகளில் நடுப்பகலில் கேமரா பல மீட்டர் தூரம் காட்டுகிறது. அந்தத் தெளிவு உள்ளூர்ச் சூழலுக்கு நல்ல சேதி அல்ல என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். மீன்களுக்கு உணவாகும் நுண்ணுயிர்களைத் தின்றுதான் அந்தச் சிப்பிகள் நீரைத் தெளியவைக்கின்றன. ஒரே கருவியை எல்லா ஏரிக்கும் எடுத்துப்போக வேண்டியவர், தெளிவை நம்பாத கருவியைத்தான் வாங்க வேண்டும்.

கேமராவை ஆதரிப்போர் முதலில் சொல்வது: ஃப்ளாஷரின் சிவப்புக் கோடு எந்த மீன் என்று சொல்லாது, விரும்பாத சக்கர் மீனுக்காக ஒரு மணி நேரம் ஜிக் ஆட்டிக்கொண்டிருக்கலாம். உண்மைதான், கோட்டில் பெயர் எழுதியிருப்பதில்லை. ஆனால் நடத்தை எழுதியிருக்கும். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் பல கோடுகள் சேர்ந்து வந்து சேர்ந்து போனால் பெர்ச் கூட்டம் என்று எண்ணலாம். ஆழத்தில் ஒற்றைக் கோடு ஒரே மூச்சில் ஐந்தாறு மீட்டர் ஏறினால் ட்ரவுட் என்று எதிர்பார்க்கலாம். இந்த வாசிப்பு தவறுவதும் உண்டு. ஆனால் தவறினால் இழப்பு என்ன? ஒன்றிரண்டு மீனைப் பிடித்துப் பார்த்தால் அந்தத் துளைக்குக் கீழே யார் என்று தெரிந்துவிடும். மீனே இல்லாத துளையில் உட்கார்ந்திருப்பதோடு ஒப்பிட்டால் அது சிறிய இழப்பு.

இதே குறையின் இன்னொரு முகம் கூடுதல் கனமானது. பெர்ச், வால்ஐ போன்ற மீன்களின் காற்றுப்பைக்குத் தொண்டையோடு இணைப்பு இல்லை. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கும்போது அதிலுள்ள காற்று விரிந்து உள்ளுறுப்புகளை நசுக்கும். திரும்ப விட்டாலும் மீன் பிழைக்காமல் போகலாம். ட்ரவுட் வகைகளுக்கு அந்த இணைப்பு இருப்பதால் காற்றை வாய்வழியே வெளியேற்றிக்கொள்ள முடியும். ஆகவே, எந்த மீன் என்று இழுக்கும் முன்பே தெரிந்தால் வீண் சாவைத் தவிர்க்கலாம், அதற்குக் கேமரா வேண்டும் என்கிறார்கள். மீன் மேல் அக்கறையோடு சொல்லப்படும் இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் இந்தத் தீங்கு கவலைக்குரியதாகும் ஆழம் ஏறக்குறைய 10 மீட்டரும் அதற்குக் கீழும். கேமராவுக்கு ஒளி குறையத் தொடங்குவதும் அங்கேதான். அங்கே ஒழுங்கு வேறு: அந்த ஆழத்தில் பெர்ச்சோ வால்ஐயோ பிடித்தால் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் வைத்துக்கொண்டு, போதுமானதும் நிறுத்துங்கள், பிடித்து விடுவதற்காக மட்டும் தூண்டில் போடுவதாக இருந்தால் ஆழம் குறைந்த இடத்துக்கு நகருங்கள். துளைக்குக் கீழே எத்தனை மீட்டர் என்று ஃப்ளாஷர் முதல் நொடியிலேயே சொல்லிவிடுகிறது.

எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றும் மறுப்பு ஒலியின் கணக்கிலிருந்து வருகிறது. டிரான்ஸ்டியூசரிலிருந்து ஒலி கூம்பாக விரிந்து போகிறது. கூம்பின் கோணம் 20 டிகிரி என்றால் 10 மீட்டர் ஆழத்தில் அதன் அகலம் மூன்றரை மீட்டர். 9 டிகிரி என்றால் ஒன்றரை மீட்டரைச் சற்றுத் தாண்டும். கூம்பின் ஓரத்தில் தரையை ஒட்டி நிற்கும் மீனுக்கும் டிரான்ஸ்டியூசருக்கும் உள்ள சாய்வுத் தூரம், நேர் கீழே தரைக்கு உள்ள தூரத்தைவிட அதிகம். எனவே தரையின் எதிரொலி முந்திக்கொள்ள, மீன் அதற்குள் புதைந்துவிடும். சமதரையில், 20 டிகிரிக் கூம்பில், 10 மீட்டர் ஆழத்தில், இப்படி மறையும் அடுக்கு ஓரத்தில் 15 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில் கீழ்ப்பக்கம் அரை மீட்டருக்கு மேல் மறைந்துவிடும். வயிற்றைத் தரையில் வைத்துக் கிடக்கும் மீனும், பாறைகளுக்கு இடையே பதுங்கும் மீனும் ஃப்ளாஷருக்குத் தெரியாமல் போவது இதனால்தான். இதற்கு முழுப் பரிகாரம் கிடையாது. குறுகிய கூம்பைத் தேர்ந்தால் சமதரையில் மறைவு சில சென்டிமீட்டராகச் சுருங்கும். தரைப்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியையும் பயன்படுத்தலாம். அதற்கும் மேல், ஜிக்கையே கருவியாக்கலாம்: தரையில் ஒருமுறை தட்டி மண்ணைக் கிளப்பிவிட்டு அரை மீட்டர் தூக்கி நிறுத்துங்கள். இரை தேடும் மனநிலையில் உள்ள மீன் தரையைவிட்டு எழும், எழுந்ததும் தெரியும். எழ மறுக்கும் மீன் கேமராவில் தெரியும்தான். ஆனால் தெரிகிற மீனெல்லாம் தூண்டிலை எடுக்கிற மீன் அல்ல. அசையாத மீனையே திரையில் பார்த்துக்கொண்டு, நகர வேண்டிய நேரத்தில் நகராமல் இருந்துவிடுவது கேமரா கொண்டுவரும் பெரிய ஆபத்து.

இனி வரிசை மாறும் இடம். அதே கூம்புக் கணக்கை ஆழம் குறைந்த நீருக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 20 டிகிரிக் கூம்பின் அகலம் தரையில் 53 சென்டிமீட்டர்தான். நீர்க்களைகள் அடர்ந்த இடமாக இருந்தால் அந்தச் சிறு வட்டமும் களைகளின் எதிரொலியால் நிரம்பிவிடும். மீன் எது தண்டு எது என்று பிரிப்பது கடினம். அங்கே கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால், தெளிந்த நீரில் மூன்று நான்கு மீட்டர் தூரம்வரை களைகளுக்கு இடையே நீந்துவதெல்லாம் தெரியும். சிம்கோவின் குக்ஸ் விரிகுடாவில் கரையோரக் களைத்திட்டுகளில் பெர்ச் பிடிப்பவர், அல்லது மினசோட்டா, விஸ்கான்சின் குட்டைகளில் புளூகில் மீன் தேடுபவர், பகலில் மட்டுமே போகிறவர், இரண்டரை மீட்டருக்கு மேல் ஆழத்துக்குப் போகவே போகாதவர் என்றால் கேமராவையே முதலில் வாங்கலாம். நரம்பும் தக்கையும் அசையாதபடி ஜிக்கை உறிஞ்சித் துப்பிவிடும் சிறு மீன்களை அங்கே கண்ணால் பார்த்தே இழுக்க முடியும். தெளிந்த நீர், அடர்ந்த களை, பகல், குறைந்த ஆழம் என்ற நான்கு நிபந்தனைகளும் சேர்ந்து பொருந்தினால் மட்டுமே இது. மூன்று பொருந்தினால் போதாது.

மற்றவருக்குக் கேமரா ஓர் ஆசிரியராக வரும்போது அதன் அருமை தெரியும். தரை சரளையா, சேறா, களையா என்பதை ஃப்ளாஷர் கோட்டின் தடிப்பிலிருந்து ஊகிக்கலாம்: கடினத் தரை அகன்ற சிவப்பாகவும் சேறு மங்கலாகவும் விழும். கேமரா அந்த ஊகத்தைச் சரிபார்க்கிறது. குறிப்பாக, களை இன்னும் பச்சையாக நிற்கிறதா, அழுகிச் சாய்ந்துவிட்டதா என்று அதனால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். பச்சைக் களையில் மீன் தங்கும். அழுகும் களை ஆக்ஸிஜனைத் தின்றுவிடுவதால் மீன் விலகும். ஒரு நண்பகலில் இரண்டு கருவிகளையும் ஒருசேர இறக்கி, கேமராவில் தெரியும் மீன் ஃப்ளாஷரில் எப்படிக் கோடாகிறது என்று பார்த்துக்கொண்டால், பிறகு கேமரா இல்லாத நாளிலும் கோடுகள் பேசும். ஒரு குளிர்காலம் ஃப்ளாஷரோடு பழகிய பிறகு கேமரா வாங்குவது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். பாடம் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் ஆசிரியர் பயன்படுவார்.

கையாளும் சிரமமும் எடையில் சேர வேண்டும். ஃப்ளாஷரை ஒரு கையில் தூக்கிக்கொண்டு துளைக்குத் துளை நகரலாம். இடத்தைத் தேடும்போது எல்லாத் துளையையும் முழுதாகத் தோண்டக்கூட வேண்டியதில்லை. காற்றுக்குமிழி இல்லாத தெளிந்த பனிக்கட்டி என்றால், பனியை ஒதுக்கிவிட்டுக் கொஞ்சம் நீர் ஊற்றி டிரான்ஸ்டியூசரை அதில் பதித்தாலே ஆழம் தெரிந்துவிடும். கேமராவுக்குப் பெரும்பாலும் ஒரு மீட்டர் தள்ளி இரண்டாவது துளை வேண்டும். ஒரே துளையில் இறக்கினால் மாட்டிய மீன் கேபிளைச் சுற்றிவிடும். ஈரமான கேபிள் வெளிக்காற்றில் விறைத்துப்போகும். லென்ஸை வெளியே எடுத்த சில நொடிகளில் அதன் மேல் பனி படியும். கூடாரத்துக்குள் ஹீட்டரோடு ஓரிடத்தில் உட்காருபவருக்கு இது பொருட்டல்ல. குழந்தைகளோடு போகிறவருக்கோ, திரையில் மீன் நீந்துவதைக் காட்டுவதே அவர்களைக் குளிரில் உட்காரவைக்கும். அந்தக் காரணத்துக்காகக் கேமரா வாங்குபவரை நான் தடுக்கமாட்டேன். மீனுக்காக வாங்குவதாக மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பக்கவாட்டிலும் நேரடியாகக் காட்டும் சோனார்கள், குறிப்பாக 2018இல் கார்மின் கொண்டுவந்த லைவ்ஸ்கோப், இந்த இரண்டையும் பழையதாக்கிவிட்டன என்பாரும் உண்டு. துளையைச் சுற்றிப் பல மீட்டர் தூரத்தில் மீன் எந்தத் திசையில் போகிறது என்று அவை காட்டுகின்றன. ஒலியால் இயங்குவதால் இருட்டும் கலங்கலும் அவற்றுக்கும் பொருட்டல்ல. அதாவது என் வாதத்தை அவை மறுக்கவில்லை, ஒலியின் பக்கம் இன்னும் சாய்க்கின்றன. விலையோ ஃப்ளாஷரைப்போலப் பல மடங்கு, எடையும் அதிகம். முதல் கருவியாக அதை வாங்குவதற்கு நியாயம் இல்லை.

வாங்கிய ஃப்ளாஷரை முதல் நாளில் அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. துளையில் மிதக்கும் பனிக்குழம்பை அள்ளிவிட்டு, டிரான்ஸ்டியூசர் பனிக்கட்டியின் அடிவிளிம்புக்குக் கீழே, நேராகத் தொங்குமாறு விடுங்கள். அது சாய்ந்தால் கூம்பும் சாய்ந்து ஜிக் திரையிலிருந்து மறையும். ஜிக்கை இறக்கிவிட்டு, எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயின் குமிழை முழுதாகக் குறைத்து, ஜிக்கின் கோடு தெரியத் தொடங்கும்வரை மட்டும் மெல்லக் கூட்டுங்கள். அதற்கு மேல் கூட்டினால் எல்லாமே சிவந்து, ஓரத்து மீனுக்கும் நடு மீனுக்கும் வேறுபாடு போய்விடும். அருகில் வேறொருவர் ஃப்ளாஷர் போட்டிருந்தால் முகப்பில் கோடுகள் துள்ளும். குறுக்கீட்டைத் தவிர்க்கும் பொத்தானை அவை அடங்கும்வரை மாற்றிப் பாருங்கள். பேட்டரி விஷயத்தில், 12 வோல்ட் ஈய பேட்டரி விலை குறைவு, ஆனால் கனம், குளிரில் அதன் திறனும் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை குறைவு, குளிரில் நன்றாகவே உழைக்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றினால் நிரந்தரமாகக் கெடும். இரவு காரிலேயே விட்டுவைத்த பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, அறைவெப்பத்துக்கு வந்த பிறகே சார்ஜரில் மாட்டுங்கள்.